இ4-க்கு கருப்புல என்ன ஆடுறது: சிசிலியனா, ஃப்ரெஞ்சா, காரோ-கானா?

மூணு வருஷமா செஸ்ல கருப்புக் காய் கையில வந்து எதிராளி இ4 தள்ளினா (ராஜா முன்னாடி இருக்கற சிப்பாயை இ வரிசைல நாலாவது கட்டத்துக்கு; வரிசைக்கு ஏ-ல இருந்து ஹெச் வரைக்கும் எழுத்து, கட்டத்துக்கு 1-ல இருந்து 8 வரைக்கும் நம்பர்), யோசிக்கவே மாட்டேன், சி5 தான். அந்தப் பதிலுக்குப் பேரு சிசிலியன், அதுலயும் நான் ஆடினது நஜ்டார்ஃப்ங்கிற கிளை. உலக சாம்பியன் ஃபிஷர் ஆடினாரு, காஸ்பரோவ் ஆடினாரு, நாமளும் ஆடுவோமேன்னு ஒரு கெத்து. ஆட்ட பலத்தைக் காட்டுற ரேட்டிங் நம்பர் என்னவோ 1600 பக்கத்துல பசை போட்டு ஒட்டின மாதிரி நின்னுடுச்சு.

போன மாசம் ஒரு கல்யாண மண்டபத்துல ரேட்டட் டோர்னமென்ட், மூணாவது ரவுண்ட். எதிர்ல ஒம்பது பத்து வயசுப் பையன், கால் தரையில எட்டல, பக்கத்துல ஒரு ஸ்பைடர்மேன் வாட்டர் பாட்டில். இ4, சி5. அவன் ரெண்டாவது மூவ்லயே சி3 தள்ளிட்டான். நான் மனப்பாடம் பண்ணி வச்ச இருபது மூவும் அந்த இடத்துலயே காலி. பத்து நிமிஷம் யோசிச்சு டி6 போட்டேன், அவன் டி4, நான் வெட்டினேன், அவன் சி சிப்பாயால திருப்பி வெட்டினான், இப்ப நடுவுல டி4 இ4னு ரெண்டு சிப்பாய் ஜோடியா வந்து உட்கார்ந்துடுச்சு, அதுக்கப்புறம் எனக்கு மூச்சு விட இடமே இல்ல. முப்பத்தி சொச்சம் மூவ்ல ரிசைன். கை குடுத்துட்டு ஸ்கோர் ஷீட்ல கையெழுத்து போடும்போது சொல்றான், "அங்கிள், சி3-க்கு உடனே குதிரையை எஃப்6-க்கு கொண்டு வந்திருக்கலாம்." சரியாத்தான் சொன்னான், அதான் இன்னும் எரிஞ்சுது.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து பழைய ஸ்கோர் ஷீட் கட்டைப் பிரிச்சேன். கருப்புல ஆடி இ4 வந்த கேம் மட்டும் தனியா எடுத்து, எதிராளி உண்மையில என்ன ஆடியிருக்காங்கன்னு பார்த்தேன். அப்பதான் மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நான் ராத்திரி பகலா படிச்ச ஓப்பன் சிசிலியன், அதாவது வெள்ளை ரெண்டாவது மூவ்ல குதிரை எஃப்3, மூணாவது மூவ்ல டி4 ஆடி சண்டைக்கு வர்றது, பாதிக்கும் ரொம்பக் கம்மி. மிச்சம் எல்லாம் சி3 அலாப்பின், பிஷப் பி5, பிஷப் சி4, எஃப்4 தள்ளி நேரா ராஜா மேல பாயுற கிராண்ட் பிரி, சிப்பாயை சும்மா குடுக்குற ஸ்மித்-மோரா இந்த மாதிரி. நான் படிச்ச பாடம் ஒண்ணு, பரீட்சைல வந்தது வேற.

அதனால மாத்தலாம்னு முடிவு. எதுக்கு மாத்துறதுன்னுதான் ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன், அதைத்தான் எழுதறேன். இது 1400-ல இருந்து 1900 வரைக்கும் ஆடுறவங்களுக்கு, வேலைக்குப் போய்ட்டு சனி ஞாயிறு மட்டும் டோர்னமென்ட் ஆடுறவங்களுக்கு. 2500 ஆளுங்களுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்ல.

முதல்ல சிசிலியனுக்கு நியாயமா பேசிடறேன், இல்லன்னா தோத்த கடுப்புல எழுதற மாதிரி ஆயிடும். சி5-ங்கிறது வெள்ளையோட டி4-ஐ பக்கத்துல இருந்து அடிக்கிறது. வெள்ளை டி4 ஆடினா நம்ம சி சிப்பாய் போய் அவங்க டி சிப்பாயை வாங்கிடும், அதாவது ஓரத்து சிப்பாயைக் குடுத்து நடு சிப்பாயை வாங்குற வியாபாரம். சி வரிசை நமக்குத் தொறக்கும், ரூக்குக்கு வேலை கிடைக்கும். போர்டு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, அதனால நம்மளை விட பலவீனமான ஆள்கிட்டயும் ஜெயிக்க வழி இருக்கும், பலமான ஆள்கிட்டயும் வழி இருக்கும். 2018 லண்டன்ல கார்ல்சனும் கருவானாவும் மோதின உலக சாம்பியன்ஷிப்ல கார்ல்சன் கருப்புல திரும்பத் திரும்ப சிசிலியன்தான், முதல்ல கருவானா பிஷப் பி5 ஆடி சுத்திப் பார்த்தாரு, பிற்பாதில நேரா டி4 ஆடி ஸ்வெஷ்னிகோவ்ங்கிற இன்னொரு சிசிலியன் கிளைக்குள்ள போனாரு. 12 கிளாசிக்கல் கேமும் டிரா. ஆனா அந்த டிரா பலதும் சும்மா கை குடுத்துட்டு எந்திரிச்ச டிரா கிடையாது.

பிரச்சனை எங்கன்னா விலை. நஜ்டார்ஃப்ல அஞ்சாவது மூவ் ஏ6 தள்ளி நிக்கிறீங்க, அங்க வெள்ளைக்கு ஆறாவது மூவா பிஷப் ஜி5, பிஷப் இ3, பிஷப் சி4, பிஷப் இ2, எஃப்3, ஹெச்3 இப்படி வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பதில், ஒண்ணுக்குப் படிச்சது இன்னொண்ணுக்கு உதவாது. வெள்ளை ராணி பக்கம் கேஸ்லிங் பண்ணி ராஜாவை ஒதுக்கிட்டு ஜி4 ஹெச்4னு தள்ளிட்டு வருவான், நாம பி5 பி4னு தள்ளிட்டுப் போவோம், ஒரு மூவ் லேட்டானா மேட். ஃபிஷரே 1972 ரெய்க்யாவிக் உலக சாம்பியன்ஷிப்ல 11-வது கேம்ல, பி2 சிப்பாயை ராணியால கவ்வுற அந்த விஷச் சிப்பாய் வேரியேஷன்ல, ஸ்பாஸ்கி குதிரையை பின்னால பி1-க்கே திருப்பிக் கொண்டு போனதும் ராணி மாட்டித் தோத்தாரு. ஃபிஷருக்கே அந்த கதி. நான் ஆபீஸ் முடிஞ்சு ஏழரை மணிக்கு பஸ்ல வர்ற ஆளு.

வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் ஓப்பனிங்குக்கே, அதாவது ஆரம்ப மூவுங்களுக்கே ஒதுக்க முடியும், கூட ஒரு கோச்சும் இருக்காருன்னா சிசிலியன் ஆடுங்க, அதை மாதிரி சந்தோஷம் வேற எதுலயும் இல்ல. எனக்கு அந்த நேரம் இல்ல.

இ4-க்கு நாமளும் இ5னு பதில் சொல்றது பத்தி சுருக்கமா. எல்லா கோச்சும் சின்னப் பசங்களுக்கு இதைத்தான் முதல்ல சொல்லித் தருவாங்க, சரிதான், ஏன்னா காய்களை வெளிய கொண்டு வர்றது, நடுவுல இடம் பிடிக்கிறது எல்லாம் இதுலதான் கைக்கு வரும். ஆனா முப்பது வயசுக்கு மேல புதுசா எடுக்கறது கஷ்டம், ஏன்னா வெள்ளைகிட்ட ரூய் லோபஸ், இத்தாலியன், ஸ்காட்ச், கிங்ஸ் கேம்பிட்னு ஒரு படையே இருக்கு, எல்லாத்துக்கும் தயார் பண்ணணும். அந்த இத்தாலியன்ல குதிரை ஜி5 வந்து எஃப்7-ஐ குறி வைக்கும்போது டி5 தள்ளி, அவன் வெட்டினதும் நாம குதிரையால திருப்பி வெட்டிட்டா, அவன் குதிரையை எஃப்7-ல குடுத்து நம்ம ராஜாவை நடு ரோட்டுக்கு இழுத்துட்டு வருவான். அதுக்குப் பேரே ஃப்ரைட் லிவர், நம்ம பாஷைல ஈரல் வறுவல். வறுபடுறது யாரு ஈரல்னு சொல்ல வேண்டியதில்ல. டி5-ல வெட்டாம குதிரையை ஏ5-க்கு கொண்டு போனா பிழைச்சுக்கலாம், ஆனா சில நிமிஷத்துல முடியுற பிளிட்ஸ்ல அது ஞாபகம் வரணுமே. பையன் எட்டு வயசுன்னா இ5 சொல்லிக் குடுங்க, உங்களுக்குன்னா மேல படிங்க.

இப்ப நிஜமான போட்டி ஃப்ரெஞ்சுக்கும் காரோ-கானுக்கும்தான். ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி. ரெண்டுலயும் அடுத்த மூவ்ல டி5 தள்ளப் போறோம், அதுக்கு முட்டுக் குடுக்க ஒரு சிப்பாயை முதல்ல நகர்த்துறோம். ஃப்ரெஞ்ச்ல இ6, காரோ-கான்ல சி6. அந்த ஒரே ஒரு சிப்பாய் வித்தியாசத்துல கேமே மாறிடுது.

ஃப்ரெஞ்ச்ல இ6 போட்ட உடனே சி8-ல இருக்கற நம்ம பிஷப்புக்கு கதவைச் சாத்தியாச்சு. உங்களுக்கு இந்த பிஷப் வலி தெரியணும்னா ஒரு மாசம் ஃப்ரெஞ்ச் ஆடிப் பாருங்க. நான் ஆன்லைன்ல ஒரு மாசம் ஆடினேன், ஒரு கேம்ல முப்பதாவது மூவ் வரைக்கும் அந்த பிஷப் சி8-லயே இருந்துச்சு, வாடகை குடுக்காத குடித்தனக்காரன் மாதிரி அசையவே மாட்டேங்குது. அதே சமயம் ஃப்ரெஞ்ச்ல திட்டம் ரொம்பத் தெளிவு. வெள்ளை இ5 தள்ளிட்டானா, நாம சி5 தள்ளி டி4-ஐ அடிக்கணும், குதிரை சி6, ராணி பி6, எல்லாம் அந்த டி4 மேலயே குறி. அப்புறம் சமயம் பார்த்து எஃப்6 தள்ளி இ5-ஐயும் உடைக்கணும். மனப்பாடம் கம்மி, என்ன பண்ணணும்னு புரிஞ்சா போதும்.

ஆனா பள்ளமும் இருக்கு. வெள்ளை இ5 தள்ளுற அதே வழில, அட்வான்ஸ் வேரியேஷன்னு பேரு, வெள்ளை ஆறாவது மூவ் பிஷப் டி3 போடுவான், டி4 சிப்பாய் சும்மா கிடக்கற மாதிரி தெரியும். ஆசைப்பட்டு சிப்பாய் சிப்பாயை வெட்டி, அப்புறம் குதிரையால டி4-ல வெட்டி, அவன் குதிரையால வெட்ட, நாம ராணியால வெட்டினோம்னா, பிஷப் பி5-க்கு வந்து செக், பின்னாடி அவன் ராணி நம்ம ராணியைப் பார்த்துட்டு நிக்குது. ராணி போச்சு. வெட்டறதுக்கு முன்னாடி பிஷப்பை டி7-ல வச்சுட்டா இந்தக் கதையே இல்ல. நான் இதுல ஒரு தடவை விழுந்தேன், ஒரு தடவைதான், அதுக்கப்புறம் டி4 சிப்பாயைப் பார்த்தாலே பயம்.

இன்னொரு ஆபத்து ராஜா பக்கம். வெள்ளையோட இ5 சிப்பாய் இருக்கற வரைக்கும் நம்ம குதிரை எஃப்6-ல நிக்க முடியாது, எஃப்6-ல குதிரை இல்லன்னா ஹெச்7-க்கு காவல் இல்ல. அவசரப்பட்டு கேஸ்லிங் பண்ணினா டி3-ல இருக்கற பிஷப் வந்து ஹெச்7-ல விழும், குதிரை ஜி5, ராணி ஹெச்5, முடிஞ்சது. பழைய காலத்து பலி, இன்னும் வேலை செய்யுது.

டிங் லிரென் கதைதான் ஃப்ரெஞ்சுக்கு நல்ல உதாரணம். 2023 அஸ்தானா உலக சாம்பியன்ஷிப்ல நெபோம்னியாச்சிக்கு எதிரா 7-வது கேம்ல ஃப்ரெஞ்ச் ஆடினாரு, பொசிஷன் நல்லாத்தான் இருந்துச்சு, டைம் நெருக்கடில உறைஞ்சு போய் தோத்தாரு. அப்படியும் சாம்பியன் ஆனாரு, அது வேற. 2024 நவம்பர் சிங்கப்பூர்ல நம்ம குகேஷ் முதல் கேம்லயே இ4 ஆட, டிங் மறுபடியும் அதே ஃப்ரெஞ்ச், கருப்புல ஜெயிச்சுட்டாரு. நாங்க எல்லாம் போனைப் பார்த்துட்டு வாயடைச்சுப் போய் உட்கார்ந்தோம். 13-வது கேம்லயும் திரும்ப ஃப்ரெஞ்ச், அது டிரா. கடைசில 14-வது கேம்ல டிங் ரூக்கை எஃப்2-ல வச்சு பண்ணின தப்புல குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன் ஆனது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், உலக சாம்பியன்ஷிப்ல ஒரு ஆளு திரும்பத் திரும்ப நம்பிப் போற ஓப்பனிங்கை மட்டமா பேச முடியாது. இடுக்குல உட்கார்ந்து பொறுமையா திருப்பி அடிக்கிற மனசு இருந்தா ஃப்ரெஞ்ச் அருமை. எனக்கு இடுக்குல உட்கார்ந்தா நாப்பது நிமிஷத்துல கை துறுதுறுன்னு ஏதாவது தப்பா தள்ளிடும்.

அதோட நம்ம லெவல்ல ஒரு நடைமுறைப் பிரச்சனை, எக்ஸ்சேஞ்ச். மூணாவது மூவ்ல வெள்ளை டி5-ல வெட்டிடுவான், நாம இ சிப்பாயால வெட்டணும், போர்டு கண்ணாடி வச்ச மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடும். நம்மளை விட 200 பாயிண்ட் கம்மியான ஆளு டிரா வாங்கறதுக்குன்னே இதை ஆடுவான். 2024 மார்ச்ல உலக செஸ் அமைப்பான ஃபிடே 1400-க்குக் கீழ ரேட்டிங்கே கிடையாதுன்னு கொண்டு வந்ததுல இருந்து, 1450-னு போட்டிருக்கற பசங்க எந்த பலத்துல ஆடுவாங்கன்னே கணக்கு பண்ண முடியல, அதுல அவன்கிட்ட எக்ஸ்சேஞ்ச் டிரா வேறன்னா ரேட்டிங் ஓட்டை விழுந்த குடம் மாதிரிதான்.

இங்கதான் காரோ-கான் எனக்குப் பிடிச்சுப் போச்சு. அதுலயும் எக்ஸ்சேஞ்ச் உண்டு, ஆனா நாம சி சிப்பாயால டி5-ல வெட்டறோம். அதனால போர்டு ஒரே மாதிரி ஆகாது. நமக்கு சி வரிசை பாதி தொறந்திருக்கும், வெள்ளைக்கு இ வரிசை. நாம ராணி பக்கம் பி5 பி4னு தள்ளி அவன் சி3 சிப்பாயைக் குடையலாம், ரெண்டு சிப்பாயை வச்சு மூணு சிப்பாயைக் கலைக்கிற வேலை. ஜெயிக்க ஒரு வழி இருக்கு, அது போதும். ஃபிஷர் 1970 பெல்கிரேட்ல பெட்ரோசியனுக்கு எதிரா இதே எக்ஸ்சேஞ்ச்ல பிஷப் டி3 ஆடி ஜெயிச்சாருதான், எதிர்ல ஃபிஷர் வந்தா அப்ப பார்த்துக்கலாம்.

பேரு ரெண்டு ஆளோடது, பெர்லின்ல இருந்த ஹொரேஷியோ காரோ, வியன்னாவோட மார்கஸ் கான். 1886-ல ஆராய்ச்சி வெளியாச்சு. முக்கியமான விஷயம் அந்த சி8 பிஷப். இங்க இ7 சிப்பாய் இன்னும் அசையல, அதனால பிஷப் எஃப்5-க்கு வெளிய போய்ட்டு, அப்புறம் சாவகாசமா இ6 போட்டுக் கதவைச் சாத்தலாம். மகாராஜா வெளிய போன பிறகு கேட்டைப் பூட்டற மாதிரி. ஃப்ரெஞ்சோட ஒரே பெரிய வலி இங்க இல்ல. பதிலுக்கு சி5-ஐ ஒரே எட்டுல தள்ள முடியாது, சி6ல நின்னுட்டு அப்புறம் சி5ன்னா ஒரு மூவ் நஷ்டம். எனக்கு அந்த நஷ்டம் பரவாயில்ல.

2013 சென்னைல ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் உலக சாம்பியன்ஷிப் நடந்தப்ப, ரெண்டாவது கேம்ல ஆனந்த் இ4 ஆட கார்ல்சன் பதிலுக்கு சி6 தான், 25 மூவ்ல டிரா. அப்ப எனக்கு சப்புன்னு இருந்துச்சு, ஊர்ல நடக்குற மேட்ச் இப்படி ஆயிடுச்சேன்னு. இப்ப யோசிச்சா, ஆனந்தோட வெள்ளைக் காயை ஒரு மதியத்துல செல்லாக் காசு ஆக்கினது சின்ன விஷயமா?

ஆனா காரோ-கான்னா பாதுகாப்பு, தூங்கிட்டே ஆடலாம்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. ரெண்டு மூணு குழி இருக்கு. இ4, சி6, டி4, டி5, குதிரை சி3, வெட்டறோம், அவன் குதிரையால வெட்டறான், நாம குதிரையை டி7-க்கு வைக்கறோம். இப்ப அவன் ராணியை இ2-க்கு வச்சான்னா, பார்க்க ஏதோ கத்துக்குட்டி மூவ் மாதிரி இருக்கும், பிஷப்புக்கு வழியை அடைக்கிறானேன்னு சிரிச்சுட்டு இன்னொரு குதிரையை எஃப்6-க்கு கொண்டு வந்தீங்கன்னா, குதிரை டி6, மேட். ஆறே மூவ். இ7 சிப்பாய் ராணிக்கும் ராஜாவுக்கும் நடுவுல மாட்டிருக்கு, வெட்ட முடியாது, ராஜாவைச் சுத்தி நம்ம காயே சுவர் மாதிரி நிக்குது. டீக்கடை பெஞ்ச்ல பிளிட்ஸ் ஆடும்போது எனக்கு இது விழுந்தது, பக்கத்துல நின்னவரு டீயைத் துப்பிட்டாரு. அதே டி7 வழியிலதான் 1997 மே மாசம் நியூயார்க்ல காஸ்பரோவ் டீப் புளூகிட்ட ஆறாவது கேம் தோத்தாரு, ஏழாவது மூவ் ஹெச்6 தள்ளினாரு, கம்ப்யூட்டர் குதிரையை இ6-ல குடுத்துச்சு, 19 மூவ்ல கதை முடிஞ்சது.

அதனால நான் டி7 பக்கமே போகல, பிஷப் எஃப்5 தான். அவன் குதிரை ஜி3, நாம பிஷப் ஜி6, அவன் ஹெச்4, நாம மறக்காம ஹெச்6. மறந்தா அடுத்த மூவ் ஹெச்5, பிஷப் மாட்டிடும்.

இதை விட அதிகமா வர்றது அட்வான்ஸ். மூணாவது மூவ் இ5, நாம பிஷப் எஃப்5. இங்க சின்னப் பசங்க இப்ப ஹெச்4 தள்றாங்க, 1961 உலக சாம்பியன்ஷிப் மறுபோட்டில டால் போட்வின்னிக்குக்கு எதிரா ஆடினது. பழக்க தோஷத்துல இ6 தள்ளினா ஜி4, பிஷப் இ4, எஃப்3, பிஷப் ஜி6, ஹெச்5, பிஷப்புக்கு போக இடமில்ல. வெளிய வந்த மகாராஜாவை வாசல்லயே அமுக்கின மாதிரி. பதில் ஹெச்5 தள்ளி நிறுத்தறது. அந்த மறுபோட்டில போட்வின்னிக் காரோ-கானை வச்சுத்தான் டாலைத் தாங்கினாரு, பட்டத்தையும் திரும்ப வாங்கினாரு.

ஆக என் கணக்குல இதுக்கு மனப்பாடம் இருபது வரி, ஒரு நோட்டு பக்கம். அதை ரவுண்டுக்கு முன்னாடி, பேரிங் ஒட்டின போர்டுகிட்ட கூட்டம் கலையறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடலாம். ஸ்விஸ் முறைல (ஒரே பாயிண்ட்ல இருக்கறவங்களை ரவுண்டுக்கு ரவுண்டு ஜோடி சேர்க்கறது) அடுத்து யாருன்னு அரை மணி நேரத்துக்கு முன்னாடிதான் தெரியும், நஜ்டார்ஃபுக்கு அந்த அரை மணி நேரம் எந்த மூலைக்கு?

என் நண்பன் ஒருத்தன் ஃப்ரெஞ்சை விட மாட்டேங்கறான், அவன் சொல்றது, காரோ-கான் ஆடினா தோக்க மாட்ட, ஆனா மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெயிக்கவும் மாட்ட, எண்ட்கேம், அதாவது காய் குறைஞ்ச கடைசிக் கட்டம் வரைக்கும் உருட்டணும். அது உண்மைதான். எண்ட்கேம் பிடிக்காதவங்க, ரெண்டாவது ரவுண்டுக்குள்ளயே களைச்சுப் போறவங்க இதுக்கு வராதீங்க. பிளிட்ஸுக்கு மட்டும்னா நான் இன்னமும் சி5 தான் தள்ளுவேன், அங்க எதிராளிக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, யாரு கை வேகமோ அவங்க.

இப்போதைக்கு எனக்கு நோட்டுல பாக்கி இருக்கறது எஃப்3 மட்டும். மூணாவது மூவ்ல வெள்ளை எஃப்3 தள்ளி இ4-க்கு முட்டுக் குடுக்கறது, ஃபேன்டசின்னு பேரு. நான் வெட்டி, அவன் எஃப் சிப்பாயால வெட்டினதும் நேரா இ5 தள்ளலாம்னு இருக்கேன். பேராசைல டி சிப்பாயால இ5-ஐ வெட்டினான்னா ராணி ஹெச்4 செக், ஜி3 போட்டு தடுத்தா ராணி இ4-ல வெட்டி மறுபடி செக், மூலையில ஹெச்1 ரூக்கும் சேர்த்து. வீட்ல போர்டு வச்சு நாலு தடவை ஆடிப் பார்த்தேன், நாலு தடவையும் ரூக் எனக்குத்தான்.

அந்த வாட்டர் பாட்டில் பையன் வெட்ட மாட்டான். குதிரை எஃப்3 ஆடுவான்.